சிவப்புக் காய் யாருக்கு

அக்கா,

எங்கள் ஸ்கூலில் இந்த வாரம் ஜன்னல் கதவுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். காலையிலிருந்து இரண்டு பேர் வராந்தாவில் உட்கார்ந்து உப்புத்தாளால் மரத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சரக் சரக் சத்தமும் பழைய பெயிண்டின் தூள் வாசனையும் கிராஃப்ட் ரூம் வரைக்கும் வருகின்றன. மற்ற டீச்சர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறார்கள். எனக்கு மூக்கு எரியவில்லை, வயிறு எரிகிறது. ஜன்னலைச் சாத்திவிட்டு, பிள்ளைகளுக்குக் காகிதப் பூ செய்யக் கொடுத்துவிட்டு, உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

போய்ச் சேர்ந்தவர்களுக்கு எழுதுகிறவர்கள் நல்லதாக நாலு வார்த்தை எழுதுவார்கள். என்னிடம் அதை எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் நேராகக் கடைக்கே வந்து சண்டை போட்டிருப்பேன். நடுவில் யாராவது ஆணி கேட்டு வந்தால் நிறுத்திவிட்டு, நீங்கள் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பியதும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்திருப்பேன். இப்போது அதற்கும் வழியில்லை.

உப்புத்தாளை நான் முதன்முதலில் கையில் பிடித்ததே உங்கள் கடையில்தான். சேலத்திலிருந்து இந்த மலைக்கு வேலைக்கு வந்த புதிது. ஆண்டு விழாக் கண்காட்சிக்கு இந்த ஊர்ச் சாமானை வைத்து ஏதாவது செய்யுங்கள் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் சொல்லிவிட்டார். சாமான் எங்கே கிடைக்கும் என்று சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் பாய் கடை என்று எல்லோரும் சொல்கிற ஹார்டுவேர் கடைக்கு வந்தேன். உங்கள் வீட்டுக்காரர் பாய் உள்ளே பெயிண்ட் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கல்லாவில் நீங்கள். வேஸ்ட் ஏதாச்சும் இருந்தா குடுங்கக்கா என்று கேட்டேன். நீங்கள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தீர்கள்.

"வேஸ்டுன்னு கேக்காதீங்க மிஸ். எங்க கடையில வேஸ்டே கெடையாதுங்க. மிச்சம்னு கேளுங்க, தர்றேன்."

மிச்சம் என்று கேட்டேன். சாக்கு நிறைய வந்தது. உடைந்த பாத்ரூம் டைல்ஸ், பிளம்பர்கள் அறுத்துப் போட்ட பைப் துண்டு, மரை போன நட்டு, வாஷர், ஓடு வேய்கிற ரீப்பர் கட்டையின் நுனிகள், ஓரம் மடங்கிப் போன உப்புத்தாள். நான் மனதில் வைத்திருந்தது ஏரி மாடல். நடுவில் நீல டைல்ஸ், அதில் இரண்டு படகு, சுற்றிலும் பச்சைத் தூள். இந்த ஊரில் எந்தக் கண்காட்சி நடந்தாலும் யாராவது ஒருத்தர் ஏரி செய்துகொண்டு வருவார் என்று எனக்கு அப்போது தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

"மாடல் செஞ்சா பாத்துட்டுப் போயிருவாங்க மிஸ். வெளையாட்டு செஞ்சாத்தான் உக்காருவாங்க" என்றீர்கள்.

அப்படித்தான் அந்தப் பலகை தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நான் கடைக்கு வந்துவிடுவேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பின்பக்கக் குடோனில் சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவில் இரண்டு பேரும் தரையில் உட்காருவோம். வெளியே டூரிஸ்ட் கார்கள் ஹாரன் அடித்து ஊரைக் கலக்கிக்கொண்டிருக்கும். நீங்கள் காலி சிமெண்ட் பையைக் கிழித்து, உள்தாளை விரித்து, ஆசாரி பென்சிலால் ஒரு கோடு போட்டீர்கள். மேலே ஏற்காடு, கீழே அடிவாரம், நடுவில் கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளைக் குறைத்துப் போடலாம் என்று நான் சொன்னேன். பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது, ஆட்டம் இழுத்தால் எழுந்து ஓடிவிடுவார்கள் என்றேன். நீங்கள் கேட்கவில்லை. ரோட்டில் இருக்கிற இருபதும் வேண்டும் என்று அடம் பிடித்தீர்கள். தாளில் இடம் போதாமல் கடைசி நாலு வளைவு இன்னொரு பைக்குப் போனது.

உங்களோடு வேலை செய்வது லேசில்லை அக்கா. பலகைக்கு ஒட்டுப்பலகையில் நல்ல துண்டாக எடுத்தால், அது கஸ்டமருக்கு ஆகும் என்று பிடுங்கிக்கொண்டு, மூலை தெறித்ததைக் கொடுப்பீர்கள். பலகையின் மேல் மலை எழுப்ப ஒயிட் சிமெண்ட் பூசினோம், மறுநாளே பாளம் பாளமாக வெடித்தது. நீங்கள் என்னைத் திட்டினீர்கள், நான் தண்ணீரைத் திட்டினேன். பிறகு பெயிண்டர்கள் சுவரில் இழுக்கிற பட்டியைக் குழைத்து, மெல்ல மெல்ல ஒரு படலம் காய்ந்த பிறகு இன்னொரு படலமாக இழுத்தோம். அது நின்றது. ரோட்டுக்குக் கறுப்பு உப்புத்தாளைச் சன்னமாக வெட்டி ஒட்டினோம். தார் ரோடு மாதிரியே சொரசொரவென்று இருந்தது. காய் அதன் மேல் வழுக்காமல் நிற்கும். அது உங்கள் யோசனை. நல்ல யோசனை என்று அன்றைக்கே சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

பகடைக்கு ரீப்பர் கட்டையின் நுனியைத் தாயக்கட்டை மாதிரி நீளமாகச் செதுக்கினோம். ஒரு பக்கம் மட்டும் இழைப்புளி பட்ட கட்டை அது. எப்படி உருட்டினாலும் இரண்டே விழுந்தது. நீங்கள் அதை மடியில் வைத்துக்கொண்டு வியாபாரத்துக்கு நடுவில் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்தீர்கள். தாயம் விழுந்தால்தான் வண்டி கிளம்பும் என்று முடிவு செய்தோம். அதில் நமக்குள் சண்டையில்லை. இந்த ஊர்க்காரர்களுக்குத் தாயம் இல்லாமல் விளையாட்டு ஏது.

சண்டை வந்தது சிவப்புக் காயில்.

நான் நினைத்தது எல்லோரும் அடிவாரத்தில் கிளம்பி மேலே ஏற வேண்டும், முதலில் வருகிறவர் ஜெயித்தார், அவ்வளவுதான். நீங்கள் மூன்று நட்டுக்கு வெள்ளை அடித்து அடிவாரத்தில் வைத்தீர்கள். நாலாவதற்குச் சிவப்பு அடித்து மேலே ஏற்காட்டில் வைத்தீர்கள்.

"இது எறங்கற வண்டிங்க. உள்ள ஆஸ்பத்திரிக்குப் போறவங்க இருக்காங்க. மூணு வெள்ளையும் மேல வந்து சேர்றதுக்குள்ள இது அடிவாரம் போயிரோணும்."

"நல்லாருக்கேக்கா" என்றேன். அடுத்ததைக் கேட்ட பிறகுதான் முகம் மாறியது. வெள்ளையும் சிவப்பும் ஒரே வளைவில் சந்தித்தால் சிவப்புதான் பின்னால் எடுக்க வேண்டும். பின்னால் அகலமான இடம் எங்கே இருக்கிறதோ அங்கே போய் ஒதுங்கி நிற்க வேண்டும். அகலமான இடங்களுக்கு அடையாளமாக மஞ்சள் டைல் சில்லுகளைப் பதித்திருந்தீர்கள். அவை கொஞ்சமாகத்தான் இருந்தன.

மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. ஏறுகிற வண்டி நடு வளைவில் நின்றுவிட்டால் மறுபடி கிளம்பாது, பின்னாலேயே உருண்டுவிடும். அதனால் இறங்குகிறவன்தான் ஒதுங்குவான். இது எனக்கும் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டிக்கு ஒரு சலுகை வேண்டாமா என்று கேட்டேன். சிவப்புக்குத் தாயம் விழுந்தால் வெள்ளை எல்லாம் நின்றுவிட வேண்டும் என்று வைக்கலாம் என்றேன். எப்போதும் ஒரு பக்கமே தோற்கிற ஆட்டத்தை எந்தப் பிள்ளை விளையாடும் என்றேன்.

"எப்பவும் தோக்காதுங்க மிஸ். எப்பவாச்சும் ஜெயிக்கும். ரோட்டுல இல்லாதத இதுல எதுக்கு வெக்கறீங்க?"

அன்றைக்கு உப்புத்தாள் ஒட்டிக்கொண்டே உங்களுக்கு நடந்ததைச் சொன்னீர்கள். தலையை நிமிர்த்தவில்லை. கல்யாணமான புதிதில் மஞ்சக்குட்டையில் குடியிருந்ததையும், முதல் பிரசவம் நாள் தள்ளி வலி எடுத்ததையும், சேலத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி ஜீப்பில் ஏற்றியதையும் சொன்னீர்கள். விடுமுறைக் கூட்டம் மேலே வந்துகொண்டிருந்த நாள். ரோடு அப்போது இப்போது மாதிரி அகலமில்லை. பிள்ளை ஜீப்பிலேயே பிறந்தது, அழவில்லை என்றீர்கள். அதற்குப் பிறகு உங்களுக்குப் பிள்ளையே நிற்கவில்லை என்பது ஊருக்கே தெரியும். ஜீப்பில் நடந்ததை மட்டும் அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"யாரு மேலயும் தப்பில்லிங்க மிஸ். ஏறுறவங்க ஏறுனாங்க. நாங்க பின்னால போனோம். அவ்வளவுதான்" என்று முடித்தீர்கள். பிறகு பசை காய்ந்துவிடப் போகிறது என்று என்னை விரட்டினீர்கள்.

நான் அதற்கு மேல் அந்த விதியைப் பற்றி வாய் திறக்கவில்லை. வீட்டுக்குப் போய் அழுதேன். எவ்வளவு பெரிய மனசு, யாரையும் குற்றம் சொல்லவில்லையே என்று உருகிப் போனேன். அந்த ஜீப்பை யார் ஓட்டினார்கள் என்று கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தோன்றவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

பலகை முடிந்ததும் கண்காட்சிக்கு முன்னால் ஆடிப் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கல்லா மேசையில், டீயோடு. நீங்கள் ஒரு வெள்ளை, நான் ஒரு வெள்ளை, கடைக்கு வந்த யாராவது ஒரு வெள்ளை. பாயைக் கூப்பிட்டு உட்கார வைப்பீர்கள். "செவப்பு இவருக்குத்தானுங்க" என்று சிரித்துக்கொண்டே காயை அவர் முன்னால் வைப்பீர்கள். கண்காட்சி முடிந்து பலகை கடைக்குத் திரும்பிய பிறகும் அதே கதைதான். வாரா வாரம் ஆட்டம், வாரா வாரம் பாய்க்குச் சிவப்பு.

பாய் ஒரு வார்த்தை பேச மாட்டார். தாயம் விழுகிறவரைக்கும் பொறுமையாக உருட்டுவார். இரண்டு வளைவு இறங்குவார், எதிரில் நீங்கள் வருவீர்கள், பின்னால் எடுப்பார். மறுபடி இறங்குவார், நான் வருவேன், பின்னால் எடுப்பார். மனுஷன் கணக்காக மஞ்சள் சில்லின் மேல் கொண்டுபோய் நிறுத்துவார், ஓரம்கூட இடிக்காது. நான் சும்மா இருப்பேனா? "பாய், ரிவர்ஸ் எடுக்கறதுல உங்கள அடிச்சுக்க இந்த மலையிலயே ஆளில்ல" என்பேன். வாராவாரம் சொல்வேன். கூட உட்கார்ந்திருக்கிறவர் சிரிப்பார். பாய் டீயைக் குடிப்பார்.

நீங்கள் என்னைத் தடுக்கவில்லை. என் காலை மேசைக்கு அடியில் ஒரு மிதி மிதித்திருந்தால் போதும், நான் வாயை மூடியிருப்பேன். நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை, அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஆட்டத்தில் அவ்வளவு கவனம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு உங்களுக்கு வயிற்று வலி வந்தது. வாயுத் தொல்லை என்று சுக்குக் கஷாயம் குடித்தே காலத்தை ஓட்டினீர்கள். கட்டி என்று தெரிந்தபோது சேலத்து டாக்டர் பாயைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். உங்களைக் கடைசியாகக் கீழே கொண்டுபோன அன்று ஆம்புலன்ஸில் நானும் உட்கார்ந்திருந்தேன். விடிந்தும் விடியாத நேரம். பனி இறங்கியிருந்தது. ரோட்டில் ஒரு வண்டி இல்லை. அத்தனை வளைவிலும் எங்களுக்கு எதிரே ஒருத்தர் வரவில்லை, ஒரு இடத்தில்கூட ஒதுங்காமல் அடிவாரம் போய்ச் சேர்ந்தோம். எனக்கு வந்த ஆத்திரத்தை எந்தச் சாமியிடம் காட்டுவது என்று தெரியவில்லை. முன்சீட்டில் பாய் டேஷ்போர்டைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். அந்த ரோட்டில் அவர் என்ன பார்த்தார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நீங்கள் போன பிறகு பலகையை ஸ்கூலுக்கு எடுத்து வந்துவிட்டேன். பாய் வேண்டாம் என்று சொல்லவில்லை. கிராஃப்ட் பீரியடில் பிள்ளைகள் ஆடுவார்கள். "மிஸ், எனக்குச் செவப்பு வேண்டாங்க மிஸ், தோத்துருவேன்" என்று ஒவ்வொரு முறையும் ஒருத்தர் மூக்கைச் சிந்துவார். நான் உங்கள் வார்த்தையையே சொல்லி உட்கார வைப்பேன். எப்பவாச்சும் ஜெயிக்கும் கண்ணு, உருட்டு.

போன மாதம் ஸ்கூல் விழாவுக்கு ரிசார்ட்டிலிருந்து ஒரு மேனேஜர் வந்திருந்தார். கரடியூர்ப் பக்கம் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். பலகையைக் குனிந்து பார்த்தார், தடவிப் பார்த்தார், போட்டோ எடுத்துக்கொண்டார். இதே மாதிரி மரத்தில் செய்து ஒவ்வொரு ரூமிலும் வைக்கப் போவதாகச் சொன்னார். உங்கள் பெயரும் என் பெயரும் பெட்டியின் மேல் போடுவார்களாம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். பிறகு அவர் சிவப்புக் காயை எடுத்து விரலில் உருட்டினார்.

"இது மட்டும் வேண்டாம் மேடம். லீவுக்கு வர்ற கெஸ்ட்டுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம்? இதுக்குப் பதிலா ஐஸ்கிரீம் வண்டி, இல்லன்னா குதிரை ஏதாவது போட்டுக்கலாம்."

முடியவே முடியாது என்றேன். சிவப்பு இல்லாவிட்டால் இந்த ஆட்டமே இல்லை என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியை ஒதுக்கிவிட்டு ஏறுகிறது உங்கள் கெஸ்ட்டுங்கதான், கொஞ்சம் ஞாபகம் வரட்டுமே என்றும் சொல்லிவிட்டேன். சிஸ்டர் என் முதுகில் லேசாகத் தட்டினார். மேனேஜர் கோபப்படவில்லை. பொறுமையாகச் சிரித்தார்.

"கடைக்குச் சாமான் வாங்கப் போனப்பவே பாய்கிட்ட இந்தப் பலகையப் பத்திப் பேசிட்டேன் மேடம். அவருதான் மொதல்ல சொன்னாரு, அந்தச் சிவப்ப எடுத்துட்டுச் செய்யுங்கன்னு."

விழா முடிகிறவரைக்கும் பொறுக்க முடியவில்லை. அப்படியே நடந்து கடைக்குப் போனேன். வழியெல்லாம் பாயைத் திட்டிக்கொண்டே போனேன். அக்கா மண்ணுக்குள் போய் ஈரம் காயவில்லை, அதற்குள் அவள் வைத்ததைப் பிடுங்கி எறிகிறாரே என்று. உங்களுக்காகத்தான் அந்தக் கோபம். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்காக.

பாய் தராசில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

"சிவப்ப எடுக்கச் சொன்னீங்களாமே பாய்."

"ஆமாங்க மிஸ்."

"அது அக்காவோட வண்டி. அவங்க பட்டது அது. அதையும் தூக்கிப் போட்டுட்டு ஐஸ்கிரீம் விக்கறீங்களா?"

அவர் தட்டில் இருந்த ஆணியை எல்லாம் திரும்ப டப்பாவில் கொட்டினார். கஸ்டமரைக் கொஞ்ச நேரம் கழித்து வரச் சொன்னார்.

"அந்த ஜீப்ப ஓட்டுனது நாந்தானுங்க மிஸ்."

பாய் கடை வைப்பதற்கு முன்னால் மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் ஷேர் ஜீப் ஓட்டியவர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அத்தனை ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக உட்கார்ந்தும் தெரியாது.

"பஸ் ஒண்ணு, அதுக்குப் பின்னால லாரி, அப்புறம் காரு காரா வருதுங்க. நான் ஜீப் டிரைவர். ஏறுற வண்டியப் பாத்தா யோசிக்கறதுக்குள்ள கை ரிவர்ஸுக்குப் போயிரும். பழக்கமுங்க. அவ பின்னால படுத்துக்கிட்டு, 'ஏனுங்க, எடுக்காதீங்க, முன்னால போங்க'ன்னு கத்தறா. நான் பின்னால எடுத்தேன். ஒரு எடத்துல இல்லிங்க, வளைவுக்கு வளைவு எடுத்தேன். லைட்டப் போட்டுக்கிட்டு நேரா விட்டிருந்தா அவங்க நின்னுருப்பாங்க. யாரும் வந்து மோதியிருக்க மாட்டாங்க. அந்நேரத்துக்கு அது எனக்குத் தோணவே இல்லிங்க."

அவர் அழவில்லை. ரொம்ப நாளாகப் பாடம் செய்து வைத்ததை ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். அதற்குப் பிறகு ஜீப்பை விற்றுவிட்டதாகவும், வீட்டில் அந்தப் பேச்சே ஒரு நாளும் வரவில்லை என்றும் சொன்னார். நீங்கள் கேட்கவும் இல்லையாம், அவர் சொல்லவும் இல்லையாம்.

அப்போது எனக்கு எல்லாம் விளங்கியது. யாரு மேலயும் தப்பில்லை என்று என்னிடம் சொன்னீர்களே அக்கா. வாயால் சொல்லவில்லை, சரி. ஒரு பலகை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறீர்கள். பட்டி இழுத்து, உப்புத்தாள் ஒட்டி, அந்த மனுஷனை வாராவாரம் உட்கார வைத்து, அதே ரோட்டில் இறக்கி, அதே வளைவில் பின்னால் எடுக்க வைத்திருக்கிறீர்கள். அதற்கு என் கையையும் வாங்கிக்கொண்டீர்கள், என் வாயையும் வாங்கிக்கொண்டீர்கள். என் கேலி உங்களுக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். "அக்கா உங்களுக்கு நல்லா தண்டனை குடுத்துருக்காங்க பாய்" என்று அவரிடமே சொல்லிவிட்டேன். அவ்வளவு கசந்தது எனக்கு.

பாய் தலையை ஆட்டினார்.

"அப்படி நெனைக்காதீங்க மிஸ். தண்டன குடுக்கறதுன்னா அவ மூஞ்சி அப்படி இருக்காதுங்க. ஒவ்வொரு ஆட்டத்துலயும் எதுத்தாப்புல உக்காந்து என் கையையே பாத்துட்டு இருப்பா. ஒரு தடவையாச்சும் ரூல மீறி முன்னால வெக்கறனான்னு பாப்பா. எனக்குத் தெரியுமுங்க. வெச்சிருந்தா சந்தோசப்பட்டிருப்பா." கொஞ்ச நேரம் கல்லா மேசையைத் தடவிக்கொண்டிருந்தார். "நான் வெக்கலிங்க மிஸ். வெளையாட்டுல கூட வெக்கல. ரூலுன்னா ரூலுதான, நாம அதுலயே வளந்துட்டோமுங்களே."

எனக்குத் திட்ட ஆளில்லாமல் போயிற்று. அவரைத் திட்டலாம் என்றால் அவர் திட்டிக்கொண்டது போதும். உங்களைத் திட்டலாம் என்றால், ஒரே ஒரு தடவை முன்னால் வைப்பாரா என்று வாராவாரம் காத்திருந்து அதுவும் கிடைக்காமல் போன பெண்ணை எப்படித் திட்டுவது? ஆனாலும் திட்டுகிறேன். ஏன் அக்கா, ஒரு நாள் டீயைக் கையில் கொடுத்துவிட்டு, "அன்னைக்கு ஏனுங்க பின்னால எடுத்தீங்க" என்று கேட்டிருக்கக் கூடாதா? அவர் பதில் இல்லாமல் அழுதிருப்பார், நீங்களும் அழுதிருப்பீர்கள், பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்திருப்பார், அதோடு போயிருக்கும். ஒரு கேள்வியைக் கேட்பதற்குப் பதிலாக இருபது வளைவு போட்டீர்கள்.

ரிசார்ட்காரருக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். சிவப்பு இல்லாமலே செய்துகொள்ளட்டும். போன வாரம் சாம்பிள் ஒன்று கொண்டுவந்து காட்டினார்கள். வழவழவென்று பாலிஷ் போட்ட மரம். நாலு காயும் மேலேதான் ஏறுகின்றன. வழியில் ஐஸ்கிரீம், குதிரை, ஒரு படகு. அழகாகத்தான் இருக்கிறது. என் பெயரைப் போட வேண்டாம் என்று சொன்னேன். உங்கள் பெயரையும் வேண்டாம் என்றேன். அதை உங்களைக் கேட்காமல் செய்தேன், செய்தது சரிதான் என்று நினைக்கிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நம் பலகையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பாய் பலகையைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வழக்கப்படி சிவப்புக்குக் கையை நீட்டினார். நான் அதை என் பக்கம் இழுத்துக்கொண்டு, மூன்று வெள்ளையையும் அவர் பக்கம் தள்ளினேன். பிறகு உட்கார்ந்தார்.

எனக்குத் தாயம் விழ நேரமானது. அதற்குள் அவருடைய வெள்ளை ஒன்று பாதி மலை ஏறிவிட்டது. நான் இறங்கினேன். ஒரு வளைவில் எதிரே வந்துவிட்டார். சிவப்பின் மேல் விரலை வைத்தேன். எனக்கு எல்லாம் தெரியும் அக்கா. நீங்கள் எதற்காகக் காத்திருந்தீர்கள் என்று தெரியும். எதிரில் இருக்கிறவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார் என்று தெரியும். முன்னால் வைத்துவிட வேண்டும், உங்களுக்காக ஒரு தடவை முன்னால் வைத்துவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். காய் பின்னால் போயிற்று. யோசிப்பதற்குள் என் கை அதை எடுத்து மஞ்சள் சில்லின் மேல் நிறுத்திவிட்டது.

பாய் அதைப் பார்த்தார். கட்டையை உருட்டினார், ஏறினார், மறுபடி உருட்டினார். நான் அன்றைக்கு எத்தனையோ முறை பின்னால் எடுத்தேன். அவருடைய மூன்று காயும் மேலே போய்ச் சேர்ந்தபோது சிவப்பு பாதி மலையில் நின்றிருந்தது. அவர் ஜெயித்த முதல் ஆட்டம் அது. வெற்றி பெற்ற முகமாக இல்லை. காய்களை எடுக்காமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகக் கேட்டார்:

"ஏறுறவங்களுக்கு இவ்வளவு சுலபமுங்களா மிஸ்?"

டீ ஆறிவிட்டது என்றேன்.

உங்கள் மேல் கோபம் தீரவில்லை. தீருமென்று தோன்றவும் இல்லை. கிராஃப்ட் ரூமில் பலகை இருக்கிறது, சிவப்பும் இருக்கிறது, உங்கள் விதி ஒன்றையும் நான் மாற்றவில்லை. இறங்குகிற வண்டிதான் இன்றைக்கும் ஒதுங்குகிறது. ஆனால் ஒரு விதி புதிதாகச் சேர்த்திருக்கிறேன். பிள்ளைகள் எல்லோருக்கும் அது மனப்பாடம். சிவப்பை யாரும் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் எடுக்கக் கூடாது. ஒரு ஆட்டம் முடிந்தால் அது பக்கத்தில் இருக்கிறவருக்குப் போய்விட வேண்டும். நீங்கள் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். ஒத்துக்கொள்ள வேண்டாம் அக்கா.